வைரஸ் இருக்குமோ என்று சந்தேகப்படும் கோப்பைத் திறப்பது எப்படி?

பிழைப்புக்கு மென்பொருள். மிச்ச நேரத்தில் கடையம், ஆழ்வார்குறிச்சி, தென்காசி வட்டாரத்தின் கல்வெட்டுகள், பழைய ஆவணங்கள், ஊர்க்கதைகள் என்று எதையாவது தேடிக்கொண்டிருப்பது என் பழக்கம். இந்தத் தேடலில் ஓலைச்சுவடி கைக்கு வருவது அபூர்வம். வருவதெல்லாம் கோப்புகள்தான். கோயில் கும்பாபிஷேக மலரை யாரோ ஸ்கேன் செய்த பிடிஎஃப், வாட்ஸ்அப்பில் வந்த ஜிப், இருபது வருஷத்துக்கு முன்னால் பழைய எழுத்துருவில் தட்டிய வேர்டு கோப்பு, எழுதி வைத்த சிடி, நாலு ஜெராக்ஸ் கடையும் ரெண்டு பிரவுசிங் சென்டரும் சுற்றி வந்த பென்டிரைவ்.

கொடுக்கிறவர்களே சில நேரம் கேட்பார்கள்: "அண்ணாச்சி, இதுல வைரஸ் எதுவும் இருக்குமோ?"

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதை உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது, எந்த ஆன்டிவைரஸாலும் முடியாது. அதனால் நான் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுக்கொள்வேன்: "வைரஸ் இருந்தால், அது எதையெல்லாம் தொட முடியும்?" இதற்கு மட்டும் உறுதியான பதிலை நாமே ஏற்பாடு செய்துகொள்ளலாம். அந்த ஏற்பாட்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நம்ம பக்கத்து உதாரணம்: கூடங்குளம், 2019

கடையத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் கூடங்குளம் அணுமின் நிலையம் சுமார் 80 கிலோமீட்டர். 2019 அக்டோபர் கடைசியில் அந்த நிலையத்தின் பெயர் கணினிப் பாதுகாப்பு உலகம் முழுக்க அடிபட்டது. (அப்போது கடையமும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. தென்காசி மாவட்டம் பிறந்தது அடுத்த மாதம், நவம்பர் 22-இல்.)

'டிட்ராக்' என்ற உளவு நிரலின் ஒரு மாதிரி, வைரஸ்டோட்டல் தளத்தில் இருந்தது. அதை ஆராய்ந்தவர்கள், கூடங்குளம் நிலையத்தைக் குறிக்கும் விவரங்கள் அதற்குள்ளேயே பதிந்திருப்பதைக் கண்டார்கள். அக்டோபர் 29 அன்று நிலையத்தின் தரப்பில் மறுப்பு வந்தது. மறுநாளே, 30-ஆம் தேதி, இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: தீநிரல் இருந்தது உண்மைதான், செப்டம்பர் 4 அன்றே செர்ட்-இன் அமைப்பு தகவல் சொன்னது, நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பில் இருந்த ஒருவருடைய கணினிதான் பாதிக்கப்பட்டது, அணு உலையை இயக்கும் உள் வலையமைப்பு அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது, அதற்குப் பாதிப்பில்லை.

டிட்ராக் அணு உலையை வெடிக்க வைக்கிற ரகம் இல்லை. விசைப்பலகையில் தட்டுவது, உலாவியின் வரலாறு, ஐபி முகவரிகள், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள், வட்டில் உள்ள கோப்புகளின் பட்டியல் ஆகியவற்றைச் சேகரித்து அனுப்பும் ஒற்றன். 2019 செப்டம்பரில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் இதைப் பற்றி எழுதியபோது, இந்திய நிதி நிறுவனங்களிலும் ஆராய்ச்சி மையங்களிலும் இது காணப்பட்டதாகச் சொன்னது.

நம் விஷயத்துக்கு வேண்டியது இதுதான். நாட்டின் மிகக் கவனமான இடம் ஒன்றிலேயே ஒரு மேசைக் கணினிக்குள் ஒற்றன் நுழைந்துவிட்டான். தடுப்பு அங்கே தோற்றது. கழகம் சொன்ன விளக்கத்தின்படி காப்பாற்றியது பிரிப்பு. உலையும் அலுவலகக் கணினியும் ஒரே வலையில் இல்லை. அதே தத்துவத்தை நம் வீட்டு லேப்டாப்புக்குள் சின்ன அளவில் செய்ய உதவுவதுதான் மெய்நிகர் கணினி, அதாவது விர்ச்சுவல் மெஷின்.

கோப்பைத் 'திறப்பது' என்றால் என்ன நடக்கிறது?

"நான் எதையும் இன்ஸ்டால் பண்ணலையே, சும்மா திறந்துதான் பார்த்தேன்" என்பார்கள். தாளைத் திறந்து பார்ப்பதற்கும் கோப்பைத் திறந்து பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. தாள் சும்மா கிடக்கும். கோப்போ, உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பெரிய மென்பொருளுக்கு "இப்படிச் செய், அப்படிச் செய்" என்று சொல்லும் குறிப்புகளின் தொகுப்பு. அந்த மென்பொருளில் ஒரு ஓட்டை இருந்தால், கோப்பு எழுதியவர் சொல்வதை உங்கள் கணினி கேட்கத் தொடங்கிவிடும்.

நாலு உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, பெயர் மோசடி. 2000 மே மாதம் உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' மின்னஞ்சலில் இணைந்திருந்த கோப்பின் பெயர் 'டிஎக்ஸ்டி' என்று முடிவதுபோலத் தெரியும். உண்மையில் அதற்குப் பின்னால் 'விபிஎஸ்' என்று இன்னொரு வால் இருந்தது. அறிந்த கோப்பு வகைகளின் வாலை விண்டோஸ் மறைத்துவிடும் என்பதால் படிக்கிற கடிதம்போலத் தெரிந்தது, ஓடுகிற நிரலாக இருந்தது.

இரண்டு, கோப்புறையைப் பார்த்தாலே போதும் என்ற நிலை. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், ஷார்ட்கட் கோப்பின் ஐகானை விண்டோஸ் வரைந்து காட்டும் முறையில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தியது. பென்டிரைவைச் செருகி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாலே நிரல் ஓடும். எதையும் சொடுக்க வேண்டாம். அதன் குறி ஈரானாக இருந்தாலும், ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்தபடி அதிகம் தொற்றியது இந்தியக் கணினிகளில்தான்.

மூன்று, எழுத்துரு. இது தமிழ் ஆராய்ச்சிக்காரர்கள் கவனிக்க வேண்டியது. 2011-இல் கண்டுபிடிக்கப்பட்ட 'டுக்கு' என்ற உளவு நிரல் ஒரு வேர்டு கோப்பில் வந்தது. அந்தக் கோப்புக்குள் பொதிந்திருந்த ட்ரூடைப் எழுத்துருவே ஆயுதம். எழுத்துருவைப் படிக்கும் விண்டோஸின் உட்கருவில் இருந்த பிழை வழியாக உள்ளே போனது. பழைய பாமினி கோப்பைப் படிக்க வேண்டும் என்று, ஏதோ ஒரு தளத்திலிருந்து எழுத்துருவை இறக்கிப் போட்டுக்கொள்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

நான்கு, படம். 2021-இல் பெகாசஸ் உளவு மென்பொருளை ஐபோனுக்குள் நுழைத்த ஒரு வழியில், 'ஜிஃப்' என்று பெயர் சூட்டிய பிடிஎஃப் கோப்பு வந்தது. அதற்குள் ஜேபிக்2 என்ற சுருக்க முறையில் அமைந்த படம். கறுப்பு வெள்ளை ஸ்கேன் புத்தகங்களைச் சிறிதாக்கப் பயன்படும் அதே முறைதான். அந்தச் சுருக்கத்தை விரிக்கும் நிரலின் ஓட்டையை வைத்து, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டளைத் துண்டுகளைக் கோத்து, படத்துக்குள்ளேயே ஒரு குட்டிக் கணினியைக் கட்டியிருந்தார்கள். கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழு அதைப் பிரித்துக் காட்டியபோது வாய்பிளக்காத நிரலாளர் குறைவு. அரசாங்கங்கள் காசு கொடுத்து வாங்கிய ஆயுதம் அது. கடையத்தில் உட்கார்ந்து கும்பாபிஷேக மலர் படிக்கிறவனை நோக்கி யாரும் அதை ஏவப்போவதில்லை. ஆனாலும் "படம்தானே, பிடிஎஃப்தானே" என்ற நிம்மதிக்கு ஆதாரம் இல்லை என்பதை அது காட்டிவிட்டது.

ஆன்டிவைரஸ் போதாதா?

வேண்டும், ஆனால் போதாது. ஆன்டிவைரஸ் பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்த முகங்களையும், தெரிந்த நடத்தைகளையும் வைத்துப் பிடிக்கிறது. புதுமுகம் தப்பிவிடும்.

எங்களைப் போன்ற சேகரிப்பாளர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆன்டிவைரஸின் வேலை கணினியைக் காப்பாற்றுவது. கோப்பைக் காப்பாற்றுவது அதன் பொறுப்பில் இல்லை. தொற்று உள்ள வேர்டு கோப்பைக் கண்டால் அழித்தோ ஒதுக்கியோ விடும். உலகில் அந்தக் கோப்புக்கு அது ஒன்றுதான் பிரதி என்பது அதற்குத் தெரியாது.

வைரஸ்டோட்டலில் போட்டுப் பார்க்கலாமே என்று கேட்கலாம். நல்ல சேவை. ஆனால் அங்கே ஏற்றும் கோப்பு, கட்டணம் செலுத்தும் பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் கிடைக்கும். டிட்ராக் மாதிரி வெளியே தெரிந்ததும் அப்படித்தான். ஒருவருடைய பட்டா, ஆதார் நகல், குடும்ப வரலாறு உள்ள கோப்பை அங்கே ஏற்றாதீர்கள். கோப்பின் 'ஹாஷ்' எண்ணை மட்டும் கணக்கிட்டு, அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். கோப்பு உங்களிடமே இருக்கும், முன்பே யாராவது பிடித்த தீநிரலாக இருந்தால் தெரிந்துவிடும்.

மெய்நிகர் கணினி: வீட்டுக்குள் ஒரு வெளித்திண்ணை

பழைய வீடுகளில் திண்ணை இருக்கும். வழிப்போக்கர் வந்தால் உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம், படுத்தும் எழலாம். உள்ளறைக்குள் வர மாட்டார். மெய்நிகர் கணினி ஏறக்குறைய அந்தத் திண்ணைதான்.

உங்கள் கணினிக்குள் ஒரு மென்பொருள், "இதோ ஒரு ப்ராசஸர், இதோ ரேம், இதோ ஒரு ஹார்டு டிஸ்க்" என்று ஒரு முழுக் கணினியை நடித்துக் காட்டும். அதில் தனியாக ஒரு இயங்குதளத்தை நிறுவலாம். உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்குத் தான் நிஜக் கணினியில் இருப்பதாகவே நினைப்பு. அது பார்க்கும் 'ஹார்டு டிஸ்க்' வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு பெரிய கோப்பு. யோசனை புதிதல்ல. ஐபிஎம் தன் பெருங்கணினிகளுக்கு விஎம்/370-ஐ அறிவித்தது 1972-இல். வீட்டுக் கணினிக்கு விஎம்வேர் 1999-இலும் விர்ச்சுவல்பாக்ஸ் 2007-இலும் வந்தன. நான் பயன்படுத்துவது விர்ச்சுவல்பாக்ஸ், இலவசம்.

இதில் நமக்கு முக்கியமான வசதி 'ஸ்னாப்ஷாட்'. சுத்தமாக இருக்கும் நிலையை ஒரு முறை பதிந்துவிட்டால், பிறகு உள்ளே என்ன அட்டகாசம் நடந்தாலும், ஒரே சொடுக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம். வைரஸைத் தேடிப் பிடித்து நீக்கும் வேலையே இல்லை. வைரஸ் இருந்த உலகத்தையே துடைத்துப் போட்டுவிடுகிறோம்.

உள்ளே ஏன் லினக்ஸ்?

நம் ஊரில் சுற்றும் பென்டிரைவ் தொற்றுகள் பெரும்பாலும் விண்டோஸுக்கு எழுதப்பட்டவை. 'ஈஎக்ஸ்ஈ', 'விபிஎஸ்', ஷார்ட்கட் எதுவும் லினக்ஸில் அப்படியே ஓடாது. (வைன் மென்பொருளை நிறுவியிருந்தால் ஓடலாம். அதனால் அதை நிறுவாதீர்கள்.)

ஆனால் "லினக்ஸுக்கு வைரஸே வராது" என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். ரெண்டு சம்பவம் போதும்.

2023 அக்டோபரில், க்னோம் பணிச்சூழல் பயன்படுத்தும் லினக்ஸ் கணினிகளில் ஒரு ஓட்டை தெரியவந்தது. இசைக் குறுந்தகட்டின் பாட்டுப் பட்டியலை வைத்திருக்கும் 'கியூ' என்ற சின்னக் கோப்பை டவுன்லோட்ஸ் கோப்புறையில் இறக்கினாலே போதும். கோப்புகளைத் தானாகப் படித்து அட்டவணை போடும் பின்னணி நிரல் அதைத் தொட்டதும், கோப்பில் இருக்கும் தீய கட்டளை ஓடக்கூடும். ஸ்டக்ஸ்நெட்டின் ஐகான் கதையை ஞாபகப்படுத்துகிறது, இல்லையா?

இரண்டாவது நம் நாட்டுக் கதை. சி-டாக் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' என்ற லினக்ஸ் இந்திய அரசு அலுவலகங்களில் புழங்குகிறது. 2025 ஆகஸ்டில், 'டிரான்ஸ்பரன்ட் டிரைப்' என்று அழைக்கப்படும் குழு பாஸ் கணினிகளைக் குறிவைத்ததைப் பாதுகாப்பு நிறுவனங்கள் வெளியிட்டன. கூட்ட அறிவிப்பு பிடிஎஃப் போலப் பெயர் வைத்த 'டெஸ்க்டாப்' வகைக் கோப்பு, ஜிப்பில் வந்தது. சொடுக்கினால் ஒரு பிடிஎஃப் திறக்கும், ஆளுக்குச் சந்தேகம் வராது. பின்னால் தீநிரல் இறங்கிக்கொண்டிருக்கும். 2000-இல் காதல் கடிதம் செய்த அதே பெயர் மோசடி, 25 வருஷம் கழித்து லினக்ஸில்.

ஆக, லினக்ஸ் ஆபத்தைக் குறைக்கிறது. மெய்நிகர் கணினி மிச்ச ஆபத்தை ஒரு பெட்டிக்குள் வைக்கிறது. ரெண்டும் சேர்ந்தால்தான் பலம்.

என் ஏற்பாடு, படிப்படியாக

8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் போதும். பயாஸில் மெய்நிகராக்க வசதி (விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி-வி) இயங்கு நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

1. லேப்டாப்பிலேயே முதன்மை இயங்குதளமாக லினக்ஸ் (என்னுடையது டெப்பியன்). காரணம், பென்டிரைவைச் செருகியதும் அதை முதலில் பார்ப்பது மெய்நிகர் கணினி அல்ல, வெளியே இருக்கும் நிஜ இயங்குதளம். அது விண்டோஸாக இருந்தால் திண்ணைக்கு வரும் முன்பே விருந்தாளி வீட்டுக்குள் நுழைந்த கதை. பென்டிரைவ் தானாகத் திறக்கும் வசதியையும், படங்களைச் சிறிதாக்கிக் காட்டும் முன்னோட்டத்தையும் அணைத்துவிடுங்கள்.

2. விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு புது மெய்நிகர் கணினி. 2 ஜிபி ரேம், 25 ஜிபி வட்டு. அதில் இன்னொரு எளிய லினக்ஸ். லிப்ரே ஆபீஸ், ஒரு பிடிஎஃப் படிப்பான், உங்களுக்குத் தேவையான பழைய தமிழ் எழுத்துருக்கள். எழுத்துருக்களை இங்கே மட்டும் நிறுவுங்கள், உங்கள் முதன்மைக் கணினியில் வேண்டாம்.

3. எல்லாம் நிறுவி, புதுப்பித்து முடித்ததும் கதவுகளை அடைக்க வேண்டும். நெட்வொர்க்: 'நாட் அட்டாச்டு'. ஷேர்டு கிளிப்போர்டு: நிறுத்தம். டிராக் அண்ட் டிராப்: நிறுத்தம். ஷேர்டு ஃபோல்டர்: எதுவும் கூடாது. 'கெஸ்ட் அடிஷன்ஸ்' என்ற துணை நிரலும் வேண்டாம். வசதிக்காக வைக்கும் ஒவ்வொரு ஜன்னலும் திருடனுக்கும் ஜன்னல்தான்.

4. இப்போது ஸ்னாப்ஷாட். பெயர்: 'சுத்தம்'.

5. பென்டிரைவ் வந்தால், அதைத் திறப்பதற்கு முன் அப்படியே ஒரு முழு நகல் எடுத்துவிடுவேன். லினக்ஸில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியில் 'கிரியேட் டிஸ்க் இமேஜ்' என்று இருக்கிறது. கட்டளை தெரிந்தவர்கள் 'டிடி' பயன்படுத்தலாம். கோப்புகளைப் பிரதி எடுப்பதல்ல இது, பென்டிரைவின் ஒவ்வொரு பிட்டையும் பிரதி எடுப்பது. அதன்பின் பென்டிரைவை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

6. அந்த நகலை விர்ச்சுவல்பாக்ஸின் 'கன்வர்ட்ஃப்ரம்ரா' கட்டளையால் ஒரு மெய்நிகர் வட்டாக மாற்றி, மெய்நிகர் கணினியோடு இணைத்து, உள்ளே போய்த் திறந்து பார்க்கலாம். வேலை முடிந்ததும் 'சுத்தம்' நிலைக்குத் திரும்பிவிடலாம்.

ஐந்தாவது படி ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி. ஆழ்வார்குறிச்சிப் பக்கத்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், பல வருஷம் ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டுப் பிரதிகளை எடுத்து வேர்டில் தட்டி வைத்திருந்தார். பழைய கணினி கெட்டுப்போய்விட்டது. எஞ்சியது ஒரு பென்டிரைவ். அச்செடுக்கக் கடையில் செருகிய பிறகு அதில் ஷார்ட்கட் மட்டும்தான் தெரிந்தது.

"தம்பி, எல்லாம் போயிட்டுல்லா? கடைக்காரப் பையன் ஃபார்மட் பண்ணிருவோமாங்கான்" என்றார்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம் சார். இனிமே எதுலயும் செருகாதீங்க, அப்படியே கொண்டு வாங்க" என்றேன்.

இந்த 'ஷார்ட்கட் வைரஸ்' பல வருஷமாக நம் ஊரில் சுற்றுகிறது. அது கோப்புகளை அழிப்பதில்லை. உங்கள் கோப்புறைகளுக்கு 'மறைவு', 'சிஸ்டம்' என்ற அடையாளங்களைப் போட்டுவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைக்கும். அதைச் சொடுக்கினால் கோப்புறையும் திறக்கும், கூடவே வைரஸும் ஓடும். விண்டோஸ் அந்த அடையாளங்களுக்குக் கட்டுப்பட்டு கோப்புறைகளைக் காட்டாது. லினக்ஸ் அவற்றைக் கண்டுகொள்வதே இல்லை. நகல் எடுத்து மெய்நிகர் கணினியில் திறந்ததும், சார் பெயரிட்ட கோப்புறைகள் ஊர் வாரியாக அப்படியே வரிசையில் நின்றன. பக்கத்தில் ஷார்ட்கட்டுகள் செத்த பல்லிபோலக் கிடந்தன. ஃபார்மட் செய்திருந்தால் பல வருஷ உழைப்புக்கு அன்றைக்குத்தான் கருமாதி.

வைரஸ் பயத்தில் நாம் செய்யும் காரியமும் வைரஸ் அளவுக்குச் சேதம் செய்யும். அதனால்தான் முதலில் நகல், பிறகு மற்றதெல்லாம்.

வெளியே எடுப்பதுதான் சூட்சுமம்

மெய்நிகர் கணினியில் பத்திரமாகத் திறந்து பார்த்துவிட்டு, "பிரச்சினை ஒண்ணும் தெரியலையே" என்று அதே வேர்டு கோப்பை முதன்மைக் கணினிக்குக் கொண்டுபோனால் செய்த வேலை முழுக்க வீண். லினக்ஸில் சும்மா கிடந்த மேக்ரோ விண்டோஸில் விழித்துக்கொள்ளும். வெளியே போக வேண்டியது கோப்பு அல்ல, அதன் உள்ளடக்கம் மட்டும்.

கொஞ்சம் பக்கம்தான் என்றால் சுலபம். விர்ச்சுவல்பாக்ஸின் 'வியூ' மெனுவில் 'டேக் ஸ்க்ரீன்ஷாட்' இருக்கிறது. படத்தை எடுப்பது வெளியில் இருக்கும் கணினி. உள்ளிருந்து எந்தக் கோப்பும் வெளியே வருவதில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று போட்டோ எடுப்பதுபோல.

நிறையப் பக்கம் என்றால் 'டேஞ்சர்ஸோன்' என்ற இலவச மென்பொருளைப் பாருங்கள். மைக்கா லீ என்பவர் பத்திரிகையாளர்களுக்காக உருவாக்கியது, இப்போது பத்திரிகைச் சுதந்திர அறக்கட்டளை பராமரிக்கிறது. இணையத் தொடர்பில்லாத ஓர் அடைப்புக்குள் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு பக்கத்தையும் வெறும் வண்ணப் புள்ளிகளாக மாற்றி, அந்தப் புள்ளிகளை மட்டும் வெளியே வாங்கி, புதிதாக ஒரு பிடிஎஃப் கட்டிக் கொடுக்கும். மேக்ரோ, பொதிந்த எழுத்துரு, ஜேபிக்2 வித்தை எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். க்யூப்ஸ் என்ற இயங்குதளத்தில் முன்பே இருந்த யோசனைதான் இதற்கு முன்னோடி.

விலை உண்டு. உரையைத் தேடவோ நகலெடுக்கவோ முடியாது, கோப்பும் பெரிதாகும். ஆனால் அந்தப் படத்தை டெசராக்ட் போன்ற எழுத்துணரி மூலம் மறுபடி உரையாக்கலாம். டெசராக்டுக்குத் தமிழ் தெரியும். பழைய எழுத்துருக் கோப்புகளுக்கு இது இன்னும் லாபம். டாம், டாப், பாமினி என்று எந்தக் குறியேற்றத்தில் தட்டியிருந்தாலும், திரையில் தமிழாகத் தெரிந்தால் போதும், ஒருங்குறியாக வெளியே வந்துவிடும். பிழை திருத்தம் மட்டும் நம் கண்ணால்தான் செய்ய வேண்டும்.

இந்தத் திண்ணைக்கும் ஓட்டை உண்டா?

உண்டு. 2015 மே மாதம் 'வெனம்' என்ற ஓட்டை வெளிவந்தது. க்யூஎம்யூ மென்பொருளில், யாரும் பயன்படுத்தாத மெய்நிகர் ஃப்ளாப்பி டிரைவின் நிரலில் பிழை. அதன் வழியாக உள்ளே இருக்கும் தீநிரல் வெளியே தாவ முடியும். அதே நிரலை எடுத்தாண்டிருந்த விர்ச்சுவல்பாக்ஸும் தப்பவில்லை. திருத்தம் உடனே வந்தது. நமக்குப் பாடம்: விர்ச்சுவல்பாக்ஸைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள், தேவையில்லாத மெய்நிகர் சாதனங்களை (ஃப்ளாப்பி, ஒலி, யுஎஸ்பி) எடுத்துவிடுங்கள், இந்த லேப்டாப்பில் வங்கிக் கணக்கையும் முதன்மை மின்னஞ்சலையும் வைக்காதீர்கள். பெட்டி உடைந்தாலும் வெளியே எடுத்துப்போக ஒன்றும் இருக்கக்கூடாது. இதுவும் கூடங்குளத்தின் பாடம்தான்.

இவ்வளவெல்லாம் முடியாது என்பவர்களுக்கு ரெண்டு எளிய வழி. லினக்ஸை ஒரு பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியை இயக்கலாம், 'லைவ் யுஎஸ்பி' என்பார்கள். உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டால் இன்னும் நல்லது. மின்னஞ்சலில் வந்த ரகசியமில்லாத கோப்பு என்றால், இறக்காமல் உலாவியிலேயே முன்னோட்டம் பாருங்கள். திறக்கும் வேலை அவர்கள் சர்வரில் நடக்கும், உங்களுக்கு வருவது பக்கத்தின் தோற்றம் மட்டுமே.

கைப்பேசிக்கும் ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று 'ஏபிகே' கோப்பை அனுப்பிக் கைப்பேசியைக் கைப்பற்றும் மோசடி பற்றி 2024-இல் பல மாநிலக் காவல்துறைகள் எச்சரித்தன. இதைத் திறந்து சோதிக்க எந்த மெய்நிகர் கணினியும் வேண்டாம். பத்திரிகையைப் படிக்க யாரும் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. அனுப்பியவருக்குப் போன் போட்டு, "முகூர்த்தம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் விஷயம் தெரிந்துவிடும்.

இந்த மாவட்டத்தில் மட்டும் எத்தனை வீட்டு அலமாரிகளில் எத்தனை பேருடைய உழைப்பு சிடியாகவும் பென்டிரைவாகவும் கிடக்கிறதோ! எழுதியவர் காலமாகியிருப்பார். பிள்ளைகள் "வைரஸ் இருக்கும், தூக்கிப் போடு" என்பார்கள், அல்லது ஆர்வத்தில் நேராகக் கொண்டுபோய் ஆபீஸ் லேப்டாப்பில் செருகுவார்கள். ரெண்டும் வேண்டாம். உறையில் போட்டு, யாருடையது, எந்த வருஷம் என்று எழுதி எடுத்து வையுங்கள். லினக்ஸ் தெரிந்த ஒரு பையனோ பெண்ணோ எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து, முதலில் நகல் எடுக்கச் சொல்லுங்கள். திறப்பதைப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.